நெட் விழுந்தால் நேரில் வரவும்

என் வீட்டில் இன்டர்நெட் கிடையாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கையே கட்டி மேய்க்கிறவள் வீட்டில் இணைப்பு இல்லையா என்று சிரிப்பார்கள். மிட்டாய்க் கடைக்காரர் வீட்டுக்குப் போயும் மிட்டாயா தின்பார்?

நீங்கள் விசாரணைக்கென்று வெளியிலிருந்து வந்தவர். அதனால் ஆதியிலிருந்தே சொல்கிறேன். அவசரமில்லையே, ஐயா? அந்த ஏசி நேராக முகத்தில் அடிக்கும். நாற்காலியை இப்படித் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாக் கட்டடத்து வயர்களும் இந்த அறைக்குத்தான் வந்து சேர்கின்றன. யார் எந்தத் தளத்துக்குப் போகிறார், எவ்வளவு நேரம் அங்கேயே பழியாகக் கிடக்கிறார் என்பது என் திரையில் தெரியும். கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டும் என்று நாங்களும் சுவரெல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறோம். தத்துவப் பேராசிரியர் மதியச் சாப்பாடு முடிந்ததும் அழுக்குக் கம்பளம் துவைக்கிற வீடியோ பார்ப்பார். ஒரு கம்பளம் வெளுத்ததும் அடுத்த கம்பளம். பொருளாதாரத் துறைத் தலைவருக்குப் பழைய லாரி விலை விசாரிப்பதில் ஒரு சந்தோஷம். லாரி வாங்கும் உத்தேசம் கிடையாது. மனிதருக்கு சைக்கிளே தகராறு. துணைவேந்தர் காலையில் வந்ததும் தன் பெயரைத் தேடிப் பார்ப்பார். சாயங்காலம் கிளம்பும்போது மறுபடி தேடுவார், இடையில் ஏதாவது முளைத்திருக்குமோ என்று. மறுநாள் பரீட்சை என்றால் விடுதி முழுக்க சினிமா இறங்கிக்கொண்டிருக்கும். நிர்வாகம் கொட்டிக் கொடுத்து வாங்கி வைத்திருக்கும் ஆய்விதழ்கள் இருக்கின்றனவே, அந்தப் பக்கம் மட்டும் ஈ காக்கை போகாது.

இதில் ஒரு சங்கடம். எனக்குத் தளத்தின் பெயர்தான் தெரியும். உள்ளே நடப்பது தெரியாது. வாசலில் யார் செருப்பு கிடக்கிறது என்று பார்த்துவிட்டு, உள்ளே என்ன பேச்சு என்று தெரியாமலே நடையைக் கட்டுகிற மாதிரி. கணக்குப் பிரிவு அம்மா திடீரென்று வக்கீல்கள் பக்கமாகவே திறந்துகொண்டிருந்தால் காரணம் தெரிய வேண்டாமா? விவாகரத்தா, சொத்தா, பக்கத்து வீட்டு நாயா? எனக்கு வேலையே ஓடவில்லை.

இதற்கு நிர்வாகமே ஒரு வழி செய்து வைத்திருந்தது. நெட் கோளாறு என்றால் புகாரை ஆன்லைனில் மட்டுமே பதிய வேண்டும் என்று ஒரு விதி. நெட் இல்லாதவர் ஆன்லைனுக்கு எப்படி வருவார் என்று யாரோ கேட்டுவிட, கமிட்டி கூடி நெடுநேரம் யோசித்து, அப்படிப்பட்டவர்கள் நேரில் வரலாம் என்று முடிவெடுத்தது. கதவில் அறிவிப்பும் ஒட்டியாயிற்று. ஆக, ஒருவருடைய இணைப்பை நான் நிறுத்தினால், கொஞ்ச நேரத்தில் அவர் நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் இருப்பார்.

கணக்குப் பிரிவு அம்மாவைத்தான் முதலில் வரவழைத்தேன்.

"என்னங்க இது, காலையிலேர்ந்து சும்மா சுத்திக்கிட்டே இருக்கு?" என்றபடி வந்தார்.

"வேற யாரும் சொல்லலியேம்மா. நீங்க ஏதாவது புதுசா ஒரு தளத்துக்குப் போனீங்களா?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. நாய்தான்.

போகும்போது மனசு லேசாகிவிட்டது என்றார். அவர் தன் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் நெட்டும் வந்துவிட்டது. மனிதர்களுக்குப் பேச ஆள் வேண்டும், ஐயா. கேட்க ஆளில்லாமல்தான் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இதை நான் ஒரு சேவையாகத்தான் செய்துவந்தேன். சொல்லிக்கொள்ள ஒரு கதையும் இல்லாதவர்களை நான் தொந்தரவு செய்ததே கிடையாது. அவர்களுக்கு நெட் எப்போதும் அருமையாக ஓடும், கேட்டுப் பாருங்கள்.

பாசி விஷயம் மட்டும் வேறு மாதிரி ஆரம்பித்தது. ஒருநாள் நூலகத்திலிருந்து யாரோ ஆய்விதழ்களைத் திறந்து ஒன்றன் பின் ஒன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். என் சர்வீஸில் நான் பார்த்திராத காட்சி. வைரஸ் என்று நினைத்து அடைத்துவிட்டேன். சற்று நேரத்தில் மெலிந்த பெண் ஒருத்தி, லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அக்கா, என்னைத் தடை பண்ணிட்டீங்களாம்."

"நீ என்ன பண்ணினே?"

"படிச்சேன்க்கா."

எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தேன். குளத்துப் பாசியில் ஆராய்ச்சி. அதனால் துறையில் அவளுக்குப் பாசி என்றே பெயர். புருஷன் தூரத்து நகரத்தில் வேலையில் இருந்தான். பெண் குழந்தை அவனோடும் அவன் அம்மாவோடும் அங்கே. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள், வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. அது முடியும்வரை வளாகத்தை விட்டுப் போகக்கூடாது. போனால் இத்தனை வருஷப் பாடும் வீண். தேர்வு முடிந்ததும் அடுத்த வண்டியில் பிள்ளையிடம் போய்விடுவாள்.

அந்தக் குழந்தை இருக்கிறதே, அதைப் போல ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. அம்மா போனுக்குள் குடியிருக்கிறாள் என்று நினைத்து, பிஸ்கட்டைத் திரையில் அப்பி ஊட்டுமாம். போனுக்குள் குளிருமே என்று அதற்குக் கால்சட்டை போட்டுவிடுமாம். பாசி சிரித்துக்கொண்டே சொல்வாள், பாதியில் துப்பட்டாவால் கண்ணை ஒற்றிக்கொள்வாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். எதிரும் புதிருமாக உட்கார்ந்து டீ குடிப்போம். எங்கள் கட்டடத்தில் எத்தனையோ பேர் கதையைக் கேட்டிருக்கிறேன். நாய்க் கதைக்கு அப்புறம் எனக்கு வாய்த்த நல்ல கதை இதுதான். தேர்வுக்குத் தேதி குறித்துவிட்டார்கள் என்று அவள் குதித்துக்கொண்டு வந்தபோது, எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

தேர்வாளர் வெளிநாட்டுக்காரர். வீடியோவில் கேள்வி கேட்பார். இவள் துறை அரங்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். நன்றாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாளாம். பாதிக்கு மேல் வந்தபிறகு அரங்கத்தின் இணைப்பை எடுத்தேன். ஓடி வந்தாள், பாவம், மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன்.

"அக்கா, எதாவது பண்ணுங்கக்கா. அவர் காத்துக்கிட்டிருக்காரு."

"மெயின் லைன்லயே கோளாறும்மா. நான் மட்டும் என்ன செய்ய முடியும்?" என்றேன்.

அடுத்த தேதியில் கொஞ்சம் நாகரிகமாக நடந்துகொண்டேன். முழுக்க எடுக்காமல் வேகத்தை மட்டும் குறைத்தேன். அவள் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். இவள் பாசியைப் பற்றிச் சொன்னது அவருக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் கொட்டாவி விட்டு, கடைசியில் எழுந்தே போய்விட்டாராம். மூன்றாவது தடவை மறுபடியும் முழுசாக எடுத்தேன். இப்படிப்பட்ட பல்கலைக்கழகத்தோடு எனக்குச் சங்காத்தமே வேண்டாம் என்று அவர் விலகிக்கொண்டார். புதுத் தேர்வாளர் கிடைக்க வேண்டும், அவர் ஆய்வேட்டை முதலிலிருந்து படிக்க வேண்டும். ஒரு வருஷமாவது ஆகும் என்றார் அவளுடைய நெறியாளர். அவர் நாள் முழுக்க ஆன்லைனில் சீட்டாடுகிறவர். அதற்கு நடுவில் ஆள் பிடிக்க வேண்டுமே.

அன்று பாசி இந்த அறையில்தான் அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தது நான்தான். அவள் துறையில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாளே அவளுக்கென்று ஒரு மெத்தை நாற்காலி வாங்கிப் போட்டேன். தினமும் வருகிறாள். குழந்தை இப்போது அப்பாவின் அம்மாவைத்தான் அம்மா என்கிறதாம். பிஸ்கட் ஊட்டுவதையும் விட்டுவிட்டது. பிள்ளைகள் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள், நல்லதுதானே? புருஷன் கூப்பிடுவதும் குறைந்துவிட்டது. அந்த லைனை நான் தொடவே இல்லை, ஐயா, அதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அது தானாகக் குறைந்தது. பாசி முன்போலப் பேசுவதும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நானே கேட்டுக் கேட்டு எடுக்க வேண்டியிருக்கிறது. இருந்தாலும் பக்கத்தில் ஆள் இருப்பது ஒரு தெம்பு.

நான் முழங்கால் வலிக்கு லீவு போட்டிருந்தபோது ஒரு தடவைகூட நெட் விழவில்லையாம், ஒரு புகாரும் வரவில்லையாம். அதுதான் துணைவேந்தருக்கு உறைத்து, உங்களை வரவழைத்திருக்கிறார். கெட்டிக்காரர்தான். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. அரங்கத்தின் லைனை எடுத்தது நான். மூன்று தடவையும் தெரிந்தேதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள், பார்த்திருப்பீர்கள். அதுதான் பாசி. யாரும் கூப்பிடாமலே வந்திருக்கிறாள், எங்க அக்கா அப்படிச் செய்யறவங்க இல்லை என்று உங்களிடம் சாட்சி சொல்ல. அவளிடம் இதையெல்லாம் சொல்லிவிடாதீர்கள், ஐயா. தாங்க மாட்டாள். இங்கே அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?