மேல் லென்ஸில் தெரிந்தவள்

உச்சி வேளை. பன்னிரண்டு தாண்டிப் பத்து நிமிடம் இருக்கும். கூரத்துக்குப் பிரிகிற மண் சாலை... இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓர் ஆள் இல்லை.

இருட்டில்தான் இதெல்லாம் நடக்கும் என்று நினைத்து ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். இது இருட்டில் நடந்தது இல்லை. நிழல் காலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிற நேரத்தில் நடந்தது. நம் தில்லையம்மாளின் சித்தப்பாவுக்கு. அவள் இன்றைக்கு வரவில்லை. அதனால் சொல்கிறேன்.

சித்தப்பா பெயர் முனிரத்தினம். வீடு செவிலிமேட்டில். காஞ்சிபுரத்தில் நமச்சிவாயம் என்பவரின் ஸ்டுடியோவில் போட்டோ எடுக்கும் வேலை. அறுபத்தொன்பதாம் வருஷம் வைகாசியில் அவருடைய தங்கை சம்பூர்ணத்துக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை தணிகாசலம். கூரத்தில் நிலம் உள்ள குடும்பம். அவருக்கு இது இரண்டாம் கல்யாணம். மூத்தவள் மணியம்மாள் ஒன்றரை வருஷம் முன்பு விஷக் காய்ச்சலில் போய்விட்டாள். தெரிந்துதான் கொடுத்தார்கள்.

கல்யாணத்தன்று ஸ்டுடியோ கேமரா வேறு இடத்துக்குப் போயிருந்தது. போட்டோக்காரன் தங்கை கல்யாணத்தில் ஒரு போட்டோ இல்லை. சம்பூர்ணம் அதைச் சொல்லிச் சொல்லியே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள்தான் கேமரா கிடைத்தது. பன்னிரண்டு படச் சுருளில் மீதி இரண்டு.

"வெளக்கு வெக்கறதுக்குள்ள கேமரா இங்க இருக்கணும்பா" என்றார் நமச்சிவாயம். "பெருமாள் கோயில் உற்சவக் கூட்டம். சாயங்காலம் வாசல்ல கயிறு கட்டற மாதிரி ஆயிடும்."

அந்தக் கேமராவை நீங்கள் பார்த்திருக்கலாம். பெட்டி மாதிரி இருக்கும். முன்னால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ். மேல் லென்ஸ் நாம் பார்க்க. கீழ் லென்ஸ் படம் பிடிக்க. மேலே மூடியைத் திறந்தால் மங்கலான ஒரு கண்ணாடி. பெட்டியை வயிற்றோடு அணைத்து, தலையைக் குனிந்து அதில் பார்க்க வேண்டும். எல்லாம் நேராகத்தான் நிற்கும். ஆனால் இடம் வலமாக இருக்கும். ஒருவர் இந்தப் பக்கம் நடந்தால் கண்ணாடியில் அந்தப் பக்கம் போவார். புதிதாகப் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். முனிரத்தினத்துக்கு நான்கு வருஷப் பழக்கம். கை தானாகத் திருப்பிக்கொள்ளும்.

மண் சாலையில் பாதி வழியில் ஒரு கிணறு. சைக்கிளை நிறுத்தி முகம் கழுவினார். லென்ஸில் புழுதி படிந்திருக்குமோ என்று தோல் உறையைக் கழற்றி, மூடியைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தார். கிணற்று மேட்டில் ஒரு பெண் நின்றிருந்தாள்.

நிமிர்ந்தார்.

யாரும் இல்லை.

களை எடுக்க வந்தவள் அந்தப் பக்கம் இறங்கியிருப்பாள்... உறையைப் போட்டுக்கொண்டு ஏறி மிதித்தார். கிணற்றைச் சுற்றி வெறும் கட்டாந்தரை. ஆனால் கொஞ்ச தூரம்வரை கதம்பம் மணத்தது.

தணிகாசலம் வீட்டு வாசலில் சம்பூர்ணம் ஓடி வந்தாள். மாமியார் லோகாம்பாள் மோர் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக் கங்கையம்மாள் வேலியைத் தாண்டி வந்து, தன்னையும் படத்தில் சேர்க்கச் சொன்னாள்.

"பொட்டிய வயித்துல கட்டிக்கினு குனிஞ்சி குனிஞ்சி பாக்கறியே தம்பி, எங்க மூஞ்சிய நேரா பாக்க வெக்கமா?"

"உன் மூஞ்ச நேரா பாத்தா கண்ணாடி ஒடஞ்சிடும், கங்கம்மா" என்றார் தணிகாசலம். சம்பூர்ணம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டு முன்வாசலில் வரிசையாக நிறுத்தினார். கங்கையம்மாள், லோகாம்பாள், தணிகாசலம், கடைசியில் சம்பூர்ணம். அவளுக்கு அந்தப் பக்கம் வேலிப்படல். தலைக்கு நேர் மேலே வெயில். கேமராவை முக்காலியில் பூட்டித் தலையைக் குனிந்தார்.

படலுக்கு வெளியே ஒருத்தி நின்றிருந்தாள்.

உறவுக்காரியோ, அக்கம்பக்கமோ. படம் எடுப்பதை ஆசையாகப் பார்க்கிறாள், கூப்பிட ஆள் இல்லை... ஸ்டுடியோவில் தினம் பார்க்கிறதுதான். நிமிர்ந்தால் சரி செய்ததெல்லாம் விட்டுப்போகும். குனிந்த தலையோடே சொன்னார்.

"படலாண்ட நிக்கற அக்கா! ஏன் வெளியவே நிக்கறீங்க? உள்ள வாங்க. சம்பூர்ணம் பக்கத்துல நில்லுங்க."

வந்தாள். பக்கத்தில் நின்றாள்.

வரிசையில் பேச்சு நின்றுபோயிற்று. படம் எடுக்கும்போது எல்லாரும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். அதுதான் என்று நினைத்தார்.

"அப்படியே எல்லாரும் உங்க எடது கைப் பக்கம் ஒரு அடி."

கண்ணாடியில் நான்கு பேரும் ஒரு பக்கம் நகர்ந்தார்கள். அவள் எதிர்ப் பக்கம் நகர்ந்தாள்... நகர்ந்து சம்பூர்ணத்தின் மேலேயே வந்துவிட்டாள். ஒரு நொடி இரண்டு புடவையும் ஒரே புடவையாகத் தெரிந்தது. பிறகு பிரிந்தது.

முனிரத்தினத்தின் கை நின்றது. நான்கு வருஷத்தில் அந்தக் கண்ணாடிக்குள் யாரும் அப்படி நகர்ந்ததில்லை.

வெயில்தான் என்று சொல்லிக்கொண்டார். மூடிக்குள் மடிந்திருக்கும் சின்ன பூதக்கண்ணாடியை நிமிர்த்தி, முகங்கள் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்த்தார். வெயிலுக்கு எல்லாரும் கண்ணை இடுக்கியிருந்தார்கள்.

அவள் மட்டும் இடுக்கவில்லை.

சிக்.

நிமிர்ந்தார். நான்கு பேர்தான் இருந்தார்கள். லோகாம்பாள் படலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நீயும் என்கூட நில்லுண்ணா. பொட்டி தானா எடுக்கும்னு சொன்னியே!"

தானாக எடுப்பதற்கு லென்ஸ் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அதைத் திருப்பி விட்டால் பத்து நொடி... கிர்ர்ர் என்று வண்டு மாதிரி ஓடி, பிறகு எடுக்கும். மற்ற இருவரையும் ஒதுங்கச் சொன்னார். பிடியைச் சுற்றிக் கடைசிப் படத்தைக் கொண்டுவந்தார். நெம்புகோலைத் திருப்பினார். ஓடிப்போய்ச் சம்பூர்ணத்தின் இடப்பக்கம் நின்றார்.

கிர்ர்ர்...

"ஏம்பா, நடுவுல எடம் உட்டுக்கினு நிக்கற?" என்றாள் லோகாம்பாள். 

பார்த்தார். தங்கைக்கும் அவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம். பஸ்ஸில் பெண்பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது ஆண்பிள்ளை தானாக ஒதுங்கிக்கொள்வான் இல்லையா... அப்படித்தான் நின்றிருந்தார். நெருங்க வேண்டும் என்று தெரிந்தது. கால் கூச்சப்பட்டது.

கிர்ர்ர்...

கதம்பம். கிணற்றருகே மணத்த அதே கதம்பம். ஈரத் துணி வாசனையும் சேர்ந்து. மூக்குக்குப் பக்கத்தில்.

"என்னா இது, இப்படிப் பூவாடை தூக்குது?" என்றார்.

சிக்.

"அந்தப் பேரச் சொல்லாத!" என்று கத்தினாள் லோகாம்பாள்.

உங்களில் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே சுமங்கலியாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் கிணற்றுக்குப் போய் அவளைக் கூப்பிட்டு அழைத்து வரவேண்டும். புதுப்புடவை, பூ, படையல். அதெல்லாம் முடிந்ததும், போய் வா என்று திரும்ப அனுப்பிவிட வேண்டும். கூப்பிடாமல் அவள் வரமாட்டாள். வாசலுக்கு வெளியேதான் நிற்பாள்.

லோகாம்பாள் மணியம்மாளைக் கூப்பிடவில்லை.

"புதுப் பொண்ணு பயந்துக்கும், ஆடியில கூப்புடலாம்னு தள்ளி வெச்சேன்பா..." அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "படலாண்ட ஒரு ஈ காக்கா இல்ல. நீ யாரக் கூப்ட்ட? உள்ள வான்னு வேற சொன்ன. என் மருமக பக்கத்துல எடமும் காட்டிட்டியே!"

முனிரத்தினம் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"கூப்ட்டவன்தான் அனுப்பணும்" என்றாள் லோகாம்பாள். "நான் சொன்னா போவ மாட்டா. வெளக்கு வெக்கறதுக்குள்ள படையல் போட்டுடறேன். நீ ஒரு வார்த்த, போய்ட்டு வாம்மான்னு சொல்லிட்டுப் போ. இருப்பா."

மணி ஒன்றரை. புடவை வாங்கவே காஞ்சிபுரம் போய் வரவேண்டும். விளக்கு வைப்பதற்குள் கேமரா ஸ்டுடியோவில் இருக்க வேண்டும். அது போனால் வேலை போனது.

"நாளைக்கு மறுவீட்டுக்கு வருவாங்க இல்ல அத்த? கொண்டாந்து உடறதுக்கு நானே வரேன். அப்ப செஞ்சிடலாம்."

"நாளைக்கா..." என்றாள் லோகாம்பாள். 

சம்பூர்ணம் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நேரம் இருந்த சிரிப்பு இல்லை.

"இருந்துட்டுப் போண்ணா. எனக்கு என்னமோ பண்ணுது. இந்தப் பக்கம் தோள்லேர்ந்து கால்வரைக்கும் சில்லுனு இருக்குது."

"வெயில்ல நின்ன இல்ல. மோர் குடிச்சிட்டுப் படு."

"அண்ணா..."

"ஒரு ராத்திரிதானே சம்பூர்ணம்."

விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஏறினார். படலைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன் என்று இன்றைக்கும் சொல்வாராம்.

வழியில் அதே கிணறு. நின்றார். மனசு கேட்கவில்லை. உறையைக் கழற்றி மூடியைத் திறந்து, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கிணற்று மேடு, பனை, வரப்பு. யாரும் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

இங்கே இல்லையென்றால் எங்கே இருப்பாள் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

ஸ்டுடியோ இருட்டறைக்குள் சிவப்பு விளக்கு. மருந்துத் தட்டில் காகிதத்தைப் போட்டு அசைத்தார். வெளியே உற்சவ மேளம் கேட்டது. முதல் படம் மெல்ல எழுந்தது. நான்கு பேர். நான்கே பேர். மேல் லென்ஸ் பார்த்ததைக் கீழ் லென்ஸ் பார்க்கவில்லை. மூச்சு வந்தது.

இரண்டாவது படம். தணிகாசலம், சம்பூர்ணம், பிறகு வெறும் இடம், பிறகு அவர். அந்த வெறும் இடத்தில் பின்னால் இருக்கிற சுவர் தெரிந்தது. சுவரில் அடித்த வறட்டிகூட எண்ணுகிற மாதிரி தெளிவாக இருந்தது. எதுவும் இல்லை. சம்பூர்ணம் மட்டும் அந்தப் பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்திருந்தாள். யாரோ காதில் எதையோ சொல்லக் கேட்கிற மாதிரி.

நமச்சிவாயம் எட்டிப் பார்த்தார். "நடுவுல ஒரு ஆள் நிக்கற எடத்த உட்டுட்டு எடுத்துருக்கியே. இதான் நாலு வருஷம் கத்துக்கினதா?"

மறுநாள் பத்து மணிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். முனிரத்தினம் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. தங்கை முகத்தைத்தான் முதலில் பார்த்தார்.

நன்றாக இருந்தாள். அம்மா காமாட்சியம்மாள் ஆரத்தி எடுத்தாள். தங்கை சிரித்துக்கொண்டே நின்றாள். உள்ளே வந்தாள். எல்லாருக்கும் இலை போட்டாள். தணிகாசலத்துக்கு ரசம் காரம் ஆகாது என்று அம்மாவிடம் சொன்னாள். மூன்று நாளில் புருஷன் வாய் ருசியைக் கற்றுக்கொண்டாளே என்று அம்மாவுக்குப் பெருமை.

"நேத்து ஒடம்புக்கு என்னமோன்னியே?" என்று கேட்டார் முனிரத்தினம்.

"அதெல்லாம் வெளக்கு வெச்சதும் சரியாப் போச்சி."

அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்து இரண்டாவது படத்தைக் கொடுத்தார். கல்யாணத்துக்கு ஒரு போட்டோ இல்லை என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள் இல்லையா.

வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"நான் நல்லா விழுந்துருக்கேன் இல்ல?" என்றாள்.

விரலை வைத்துக் காட்டினாள். விரல் இருந்தது... அந்த வெறும் சுவர்மேல்.

 உள்ளே அம்மா ஏதோ கேட்டாள். தணிகாசலம் பதில் சொன்னார்.

விரல் அரை அங்குலம் நகர்ந்தது. சம்பூர்ணத்தின் முகத்தின்மேல் நின்றது.

"பக்கத்துல நிக்குதே... இந்தப் பொண்ணு யாருப்பா?"