கொக்கு முட்டையில் எண்ணெய்

ஹலோ... ஹலோ, கொசு எண்ணெய் ஆபீசா? ... சார்தானுங்களா? நான் பாகலூர் போஸ்டாபீசுல இருந்து பேசறேனுங்க. சரசம்மா. உங்ககிட்ட எண்ணெய் ஊத்தற ஆஞ்சப்பன் சம்சாரம்... ஆமாங்க, ஆமாங்க, அவரேதான்... அவரு வர முடியாதுங்க சார், ஏரிக்குள்ள மரத்து மேல இருக்காரு. கீழ ஊரே கட்டையோட நிக்குது. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடலீங்க!

... இல்லீங்க, திருடல சார்! எல்லாம் கொசுப்புழு சாக ஏரியில ஊத்தின அந்த எண்ணெயால வந்த வெனை. ஏரி கருவேலமரத்துல கொக்கு முட்டையிடுங்க. அது குஞ்சு பொரிச்சாத்தான் எங்க ஊர்ல மாரியம்மனுக்குக் கொடி ஏத்துவாங்க. அதுவரைக்கும் மரத்துக்கிட்ட ஒரு ஆள் போவக்கூடாது. இந்த வருசம் ஒரு முட்டைகூடப் பொரிக்கல.

ஆமாங்க... ஆமாங்க... கொக்கு எண்ணெய்த் தண்ணியில எறங்கி, நனைஞ்ச வயித்தோடயே போயி முட்டைமேல உக்காந்திருக்கு. சந்தைக்குப் போற கோழிமுட்டைக்கு, கெடாம இருக்க எண்ணெய் தடவுவோங்க. அடைக்கு வெக்கிற முட்டைக்குத் தடவுவோமா? ஓடு அடைச்சுக்கிட்டா குஞ்சு உள்ளயே மூச்சுமுட்டிச் செத்துடாதா?

... அய்யோ, கேளுங்க சார்! அந்த மனுசன் மனசு கேக்காம, பொழைக்கிறது பொழைக்கட்டும்னு முட்டையத் தொடைக்கப் போனாரு. எந்தத் துணிய எடுத்துட்டுப் போனாரு தெரியுங்களா? எண்ணெய் டின்னைத் தொடைக்கிற துணி! கூறுகெட்ட மனுசன்... கையும் துணியுமாப் பாத்துட்டாங்க. சூனியம் வெக்கிறான்னுட்டாங்க. 'ஹொடி, ஹொடி'ன்னு கன்னடத்துல கத்தறாங்க, அடிச்சே கொன்னுடுவாங்க சார்!

ஆபீசுல சொல்லித்தான் ஊத்தினான்னா எறக்கி உட்டுடறேங்கறாரு மணியக்காரரு. வெளிய வண்டியில இருக்காரு. ஒரு வார்த்தை சொல்லுங்க போதும்...

என்னங்க? ... குட்டையில மட்டுந்தான் ஊத்தச் சொன்னீங்களா? சார், ஊரு பாதி காய்ச்சல்ல கெடந்தப்ப, ஜீப்புல நின்னுக்கிட்டு ஏரியைக் கைகாட்டினீங்களே! நான் பக்கத்துல இருந்தனே! ... ஆஞ்சப்பன்னு யாருமே உங்ககிட்ட... சார்? சார்! ... ஹலோ...

போஸ்டுமாஸ்டர் ஐயா, வெச்சுட்டாரு... வேணாங்க, போன வாங்காதீங்க. மணியக்காரரு உள்ள வர்றாரு. உங்க கால்ல உளுந்து கேக்கறேன், வாயத் தெறக்காதீங்க.

... ஆங், சொல்லுங்க சார்! ... சரிங்க, சரிங்க! ஜீப்பு கெளம்பிடுச்சுங்களா? ... போலீசுமா? ... நீங்க வர்ற வரைக்கும் அவரு மேல ஒரு கை படக்கூடாதுங்களா? ... சரிங்க சார். இதோ, மணியக்காரரு பக்கத்துலயே நிக்கறாரு, அவருகிட்டயே சொல்... ஓ, அவசரங்களா? ... சரிங்க, நானே சொல்லிடறேன். வெச்சுடறேனுங்க.