ஆறு மில்லி பிசாசு

பிராகோ: ஐயா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. என் கடையில சுத்தி சாய்ச்சு வச்சிருக்கிறது எல்லாம் கண்ணாடி.

போன்சு: என் சத்தத்துக்கு உடையுற கண்ணாடியா இருந்தா நேத்தே உடைஞ்சிருக்கணும்!

பிராகோ: அதுவும் சரிதான்.

அசியெது: ஏம்மா, தீர்க்கதரிசி போன்சு ஐயாகிட்ட இப்படியா பேசுறது? குமாசியில பாதி ஊரு அவர் காலடியில...

போன்சு: நீ வாயை மூடு, அசியெது. மூப்பர்னு பேரு வச்சுக்கிட்டு நீ செஞ்ச வேலைக்கு அப்புறம் வரேன்.

அசியெது: சரிங்க ஐயா.

போன்சு: இந்தாம்மா, உன் பேரென்ன... பிராகோ. என்னைப் பாரு. மூணு தரம் கத்தினேன். "பிசாசின் கண்ணாடியே, பிளந்து போ!"ன்னு. சபை நிறைஞ்சு வழியுது. வெளிய பந்தல்லயும் கூட்டம். கண்ணாடி என்ன செஞ்சுது?

பிராகோ: நின்னுச்சு.

போன்சு: நின்னுச்சு! அதுல என் முகம் தெரிஞ்சுச்சு!

அசியெது: நல்லாத் தெரிஞ்சுது ஐயா. வாயைத் திறந்தபடி...

போன்சு: அசியெது!

அசியெது: மன்னிக்கணும் ஐயா.

போன்சு: திரைக்குப் பின்னால உன்னை எதுக்கு உக்கார வச்சேன்? நான் கையை நீட்டுறேன், நீ தட்டுற, அது உடையுது. இதுல எது உனக்கு விளங்கலை?

பிராகோ: நான் தட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். கோடு ஆறிப்போச்சு.

போன்சு: ஆறிப்போச்சா? அது என்ன கஞ்சியா?

பிராகோ: கஞ்சி இல்ல, காயம் மாதிரி. கட்டரால ஒரு கோடு இழுத்தா, கண்ணாடி மேல ஒரு சின்னக் காயம் விழுது. சூட்டோட சூடா தட்டினா அந்தக் கோட்டோட ஓடிப் பிரியும். விட்டா ஆறிடும். அப்புறம் அது சொன்ன பேச்சு கேக்காது. நான் ஞாயித்துக்கிழமை காலையில வந்து கோடு போடுறேன்னேன். உங்க மூப்பர்தான் வெள்ளிக்கிழமையே போடச் சொன்னாரு.

போன்சு: அசியெது?

அசியெது: காலையில கூட்டம் வந்துரும் ஐயா. மேடையில ஒரு பொம்பளை குத்தவச்சு கண்ணாடி அறுக்கிறதை யாராவது பார்த்துட்டா...

போன்சு: ம்ம். அது நியாயம்.

பிராகோ: அதோட நிக்கலை. கோடு போட்ட கண்ணாடியில யாரோ எண்ணெயைத் தேச்சு வச்சிருக்காங்க. மேல இருந்து கீழ வரைக்கும் வழுவழுன்னு!

அசியெது: அது அபிஷேக எண்ணெய்ம்மா!

பிராகோ: அபிஷேகத்தை நான் குறை சொல்லலை. நாங்களும் எண்ணெய் தொடுவோம், மண்ணெண்ணெய். கட்டர் சக்கரம் வழுக்கி ஓடணும்ல. ஆனா நாங்க கட்டர் முனையைத் தொட்டெடுப்போம், கண்ணாடியைக் குளிப்பாட்ட மாட்டோம்.

போன்சு: சரி. ஆறிப்போச்சு, எண்ணெய் வழிஞ்சுது, உடையலை. ஒத்துக்கிறேன். நான் தொண்டை கட்டிப்போய்த் தண்ணி குடிக்க உள்ளே போனேன். "ஏதாவது பேசி சமாளி"ன்னு இவன் கையில மைக்கைக் கொடுத்தேன். அசியெது, நீ என்ன பேசினே?

அசியெது: அறிவிப்புதான் ஐயா.

போன்சு: என்ன அறிவிப்பு? சொல்லு. அந்தம்மாவும் கேக்கட்டும்.

அசியெது: வாசலை மறிச்சு ஒரு டாக்ஸி நிக்குது, பின்கண்ணாடியில "பொறுமை"ன்னு எழுதியிருக்கு, யாரோடதோ தயவுசெஞ்சு எடுங்கன்னு...

போன்சு: கையை நீட்டினியா இல்லியா?

அசியெது: வாசலைக் காட்டினேன் ஐயா.

போன்சு: இவன் வாசலைக் காட்டுறான், அந்தப் பக்கம் கண்ணாடி டமார்!

பிராகோ: டமார் இல்லைங்க. ஒழுங்காப் பிரிஞ்சா "டிக்"னு ஒரு சத்தம்தான். டமார்னது, மேல்பாதி கீழ விழுந்தது.

போன்சு: எனக்குப் பாடம் எடுக்காதே! பெண்கள் சங்கத் தலைவி மயங்கி விழுந்துட்டா. அந்த டாக்ஸிக்காரன் அழுதுக்கிட்டே ஓடிவந்து சாவியை இவன் காலடியில வச்சான். என் மேடையில! நான் தண்ணி டம்ளரோட வெளிய வரேன், என் ஜனம் பூரா இவனைப் பார்த்து மண்டி போட்டிருக்கு!

அசியெது: நான் எழுந்திரிங்க எழுந்திரிங்கன்னு சொன்னேன் ஐயா.

போன்சு: நீ கையை ஆட்டி ஆட்டிச் சொன்னே. அவங்க ஆசீர்வாதம்னு நினைச்சு இன்னும் குனிஞ்சாங்க!

பிராகோ: க்கும்...

போன்சு: என்ன சிரிப்பு?

பிராகோ: இருமல். கண்ணாடித் தூசு.

போன்சு: இன்னைக்குக் காலையில இவன் வீட்டு வாசல்ல என்ன கூட்டம் தெரியுமா? தண்ணிக் குப்பி, சட்டை, பாஸ்போர்ட், எல்லாத்தையும் ஆசீர்வாதத்துக்குத் தூக்கிக்கிட்டு. யாரோ ஒருத்தி ஒரு ஆட்டையே கொண்டுவந்து விட்டிருக்கா.

அசியெது: நான் கேக்கலை ஐயா. அவங்களா கொண்டுவந்து...

போன்சு: ஆடு எங்க இப்போ?

அசியெது: வீட்டுல... கட்டியிருக்கேன்.

போன்சு: அது சபைக்குச் சேர வேண்டிய ஆடு.

அசியெது: சாயங்காலம் கொண்டுவந்துடறேன் ஐயா.

போன்சு: இப்ப உண்மையைச் சொல்லும்மா. இவன் உனக்கு ஏதாவது கொடுத்தானா?

பிராகோ: யாரு, இவரா? எனக்கு இவரை முன்னப்பின்ன தெரியாது. ஆர்டர் கொடுக்க வந்த அன்னைக்குத்தான் பார்க்கிறேன். "பிசாசின் கண்ணாடி ஒண்ணு வேணும்"னாரு. "பிசாசு எத்தனை மில்லி கனம்?"ன்னு கேட்டேன். முழிச்சாரு. நாந்தான் ஆறு மில்லி எடுத்துக்குங்கன்னேன்.

அசியெது: எனக்கு மில்லி எல்லாம் எங்கேம்மா தெரியும்...

பிராகோ: அதைத்தான் நானும் சொல்றேன். கண்ணாடியைப் பத்தி ஒண்ணும் தெரியாத மனுசன். இவர் என்ன சூழ்ச்சி பண்ணப் போறாரு?

போன்சு: அப்ப ஏன் இவன் கையை நீட்டினப்ப உடைஞ்சுது?

பிராகோ: நான் தட்டினதுல ஓட்டம் பாதி வந்து நின்னிருக்கும். இந்தக் கோடியிலிருந்து ஒரு மயிரிழை மாதிரி விரிசல் ஓடும், நடுவுல நிக்கும். முன்னாலயிருந்து பார்த்தா தெரியாது. அப்புறம் ஒரு சின்ன அதிர்ச்சி போதும். இவர் மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ"ன்னாரே, ஸ்பீக்கர் அலறிச்சே, அதுல மிச்சமும் ஓடியிருக்கும்.

போன்சு: இவ்வளவு வித்தையா இதுல... நீ பொய் சொல்றேன்னு எனக்குப் படுது. எடு அந்தக் கட்டரை. நான் போட்டுப் பார்க்கிறேன்.

பிராகோ: வேண்டாம் ஐயா.

போன்சு: எடும்மா! செத்தவங்களை எழுப்பின கை இது.

பிராகோ: சரி. இந்தத் துண்டை எடுத்துக்குங்க, மூணு மில்லி. துணியால துடைச்சுட்டேன். அந்த ஓரத்துல ஆரம்பிச்சு இந்த ஓரம் வரைக்கும், ஒரே மூச்சு. நடுவுல நிறுத்தாதீங்க. அழுத்தாதீங்க, ஆனா விடவும் விடாதீங்க. பட்டுத்துணி கிழியுற சத்தம் வந்தா சரி.

போன்சு: தள்ளிக்கோ.

அசியெது: ஐயா, அங்கியைத் தூக்கிப் பிடிக்கட்டுமா?

போன்சு: நகருடா... ம்ம்ம்...

பிராகோ: அழுத்தாதீங்க. அய்யோ, அது பல்லு கடிக்கிற சத்தம். போதும், விட்டுருங்க... திரும்பப் போடாதீங்க! அதே கோட்டு மேல ரெண்டாவது தடவை போகவே கூடாது!

போன்சு: முதல் தடவை சரியா விழலை.

பிராகோ: விழலைன்னா விழலைதான். கண்ணாடிகிட்ட பாவமன்னிப்பு கிடையாது. சக்கரமும் போச்சு, கோடும் போச்சு.

போன்சு: இப்ப எப்படி உடைக்கணும்?

பிராகோ: இனி அது எப்படி உடையணும்னு அதுதான் முடிவு பண்ணும். நல்ல கோடா இருந்தா, அடியில, கோட்டுக்கு நேர் கீழ ஒரு தீக்குச்சியை வச்சு, ரெண்டு பக்கமும் கட்டை விரலால... ஐயா, சும்மா இருங்க, நான் சொல்லி முடிக்கலை...

போன்சு: ஆ!

அசியெது: ரத்தம்! ஐயா, ரத்தம்!

போன்சு: கத்தாதே! தெருவுல போறவன் காதுல விழப் போவுது!

பிராகோ: விரலை மேல தூக்குங்க. இந்தாங்க துணி. இறுக்கிப் பிடிங்க. ஆழமில்லை. நான் தொழிலுக்கு வந்த புதுசுல இதைவிட மோசமா வெட்டிக்கிட்டேன்.

போன்சு: இது... இது பிசாசின் எதிர்த்தாக்குதல்.

பிராகோ: மூணு மில்லிக்கே இப்படின்னா...

போன்சு: போதும்! கேளுங்க ரெண்டு பேரும். வர்ற ஞாயிறு மறுபடியும் நடக்குது. பன்னிரண்டு மில்லி. காலையிலயே கோடு போடு, யாரும் எண்ணெய் தேய்க்கக் கூடாது. அசியெது, நீ முதல்ல மேடையேறி மண்டி போட்டு, "நேத்து வந்த வல்லமை என்னுடையதல்ல, தீர்க்கதரிசி போன்சு எனக்குள் ஊதினது"ன்னு சொல்ற.

அசியெது: நேத்து இல்ல ஐயா, போன வாரம்னு சொல்லணும் அன்னைக்கு.

போன்சு: என்ன எழவோ சொல்லு! அப்புறம் மைக்கைத் தொடாதே. கையைப் பையில வச்சுக்கோ. ஒரு டாக்ஸி இல்ல, ஊர்ல இருக்கிற லாரி எல்லாம் வந்து வாசலை மறிச்சாலும் நீ கையை நீட்டக் கூடாது.

அசியெது: உத்தரவு ஐயா.

போன்சு: நான் மருந்துக்கடைக்குப் போய் இந்த விரலுக்கு... இதுக்காக ஜெபிக்கப் போறேன். நீ இருந்து இந்தம்மாகிட்ட பன்னிரண்டு மில்லிக்குப் பேசி முடிச்சுட்டு வா. ஆட்டை மறந்துடாதே.

அசியெது: சரிங்க ஐயா. பார்த்து, படி இருக்கு...

பிராகோ: வண்டி போயிருச்சா?

அசியெது: இரு... ம். வளைவு திரும்பிருச்சு.

பிராகோ: அம்மாடி! "அங்கியைத் தூக்கிப் பிடிக்கட்டுமா"ன்னு கேட்டீங்களே, என் வயிறே கிழிஞ்சிருக்கும். அங்கேயே சிரிச்சுத் தொலைச்சிருப்பேன்.

அசியெது: நீ மட்டும் என்னவாம்? "முன்னப்பின்ன தெரியாது"ன்னு ஒரு முகம் வச்சே பாரு...

பிராகோ: உக்காருங்க. சோளமாவு உருண்டை, கெங்கே, வாங்கி வச்சிருக்கேன், வறுத்த மீனும் இருக்கு. ஆறிப்போயிருக்கும்.

அசியெது: பசியில்ல. நான் இன்னைக்கு உபவாசம்.

பிராகோ: உபவாசமா? நீங்களா?

அசியெது: பிராகோ... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது.

பிராகோ: சொல்லுங்க.

அசியெது: நம்ம பேச்சு என்ன? நீ தட்டவே போறதில்லை. கண்ணாடி நிக்கும், அவன் கத்திக் கத்தி ஓய்ஞ்சு போவான், ஜனங்களுக்குக் கண்ணு திறக்கும். அவ்வளவுதானே?

பிராகோ: அவ்வளவுதான்.

அசியெது: நீ சொன்னா சொன்னபடி நிக்கிறவ. நீ தட்டியிருக்க மாட்டே. அப்ப அந்தக் கண்ணாடி... என் கைக்கு... பிராகோ, எனக்குள்ள ஏதோ இறங்கியிருக்கு. கை நீட்டினப்ப தோள்பட்டையிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஒரு சூடு.

பிராகோ: நான் தட்டினேன்.

அசியெது: என்ன?

பிராகோ: கட்டரோட பின்பக்கக் குமிழால, கோட்டுக்கு நேர் பின்னால, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். நாலு தட்டு. ஆறவும் இல்ல, எண்ணெயும் ஒண்ணும் செய்யலை. நல்ல கோடு. என் கோடு.

அசியெது: ஏன்?

பிராகோ: அவன் உங்க கையில மைக்கைத் திணிச்சுட்டு உள்ளே ஓடிட்டான். ஜனம் முணுமுணுக்குது, முன்வரிசையில ஒருத்தன் செருப்பைக் கழட்டுறான். நீங்க வேர்த்து ஒழுகிக்கிட்டு டாக்ஸியைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கீங்க. திரையில இருந்த ஓட்டை வழியா பார்த்துக்கிட்டே இருந்தேன்.

அசியெது: இல்ல... நீ தட்டினதா நினைச்சுக்கிறே.

பிராகோ: என் கை எனக்குத் தெரியாதா?

அசியெது: தட்டினது உன் கைதான். வேணாம்னு முடிவு பண்ணின கை திடீர்னு ஏன் தட்டணும்? அதுவும் நான் கையை நீட்டின அதே நேரத்துல? யோசி. காலையில வந்தவங்கள்ல ஒரு பொம்பளை, நான் தொட்டதும் முட்டிவலி போச்சுன்னு நடந்து காட்டினா. பன்னிரண்டு மில்லிக் கண்ணாடியை அவன் மேடையில ஏன் வைக்கணும்? என் வீட்டு முற்றத்துலயே வைக்கலாம். நீ கோடு மட்டும் போட்டுக் கொடு...

பிராகோ: அசியெது.

அசியெது: "மூப்பர்"னு கூப்பிடு, இப்ப என் வீடு நாலு பேரு வந்து போற இடமாயிடுச்சு... சொல்லு பிராகோ. உன் கையைத் தட்ட வச்சது யாரு?

பிராகோ: யாருன்னு நான் சொல்றேன். ஒரு ஆளு இருந்தாரு. அவர் கட்டிக்க நினைச்சவளோட முகத்தைக்கூடப் பார்க்காமலே போன்சு, "அவ சூனியக்காரி, உன் ரத்தத்தைக் குடிப்பா"ன்னு குறி சொன்னப்ப, "குடிச்சா குடிச்சுட்டுப் போறா"ன்னு நேரா என் மாமன் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டி, முறைப்படி ஸ்னாப்ஸ் சாராயக் குப்பியை வச்சு என்னைப் பெண் கேட்டாரு. அந்த ஆளை ஜனங்க அடிச்சுடுவாங்களோன்னு பயந்துதான் என் கை தட்டுச்சு. குப்பியைத் திறந்தா சம்மதம்னு அர்த்தம், மாமன் இன்னும் திறக்கலை. அந்த ஆளு வந்தா இன்னைக்கே திறக்கச் சொல்றேன். தீர்க்கதரிசி யாராவது வந்தா, மூடி மூடினபடி கையில கொடுத்து அனுப்பிடுவாரு.