கேஸ் டியூப்பு செக் பண்ண வந்த தம்பி

அடுப்ப அப்பறம் பாக்கலாம் நைனா, மொதல்ல ஒக்காரு. வெயில்ல வந்துகீற, மூஞ்சியெல்லாம் வேத்து ஊத்துது. மோரு குடிப்பியா? அந்தச் சேர்ல வேணாம், அதுக்கு ஒரு காலு ஆட்டம். தோ, கட்டில்ல ஒக்காரு.

இன்னா கேட்ட? புள்ளயா? ஒரே புள்ளதான், தானியேலு. இங்கதான் சிப்காட்ல, இரும்பு கம்பெனில கான்ட்ராக்ட்டு வேல. ரெண்டு மணிக்குதான் சிப்ட்டு முடியும். இப்ப வரமாட்டான், நீ பயப்படாத. பயமில்லன்றியா? சரி, சும்மா சொன்னேன்.

பாடுவானாவா? கேஸ் கம்பெனிக்காரனுக்கு அதெல்லாம் எதுக்கு கண்ணு? சரி, கேட்டுட்ட, சொல்றேன். பாட்டுன்னா கோயில்ல பாடற பாட்டு இல்ல. கடகடன்னு மூச்சு உடாம திட்டுவாங்க பாரு, அந்த ராப்பு. டபுள் சிப்ட்டுன்னு பேரு வச்சிக்கினுகீறான். ஒரு பாட்ட பதினோராயிரம் வாட்டி பாத்துகீறாங்க யூடியூப்ல. அதுல ஒரு முந்நூறு நானே பாத்தது. கீழ கர்த்தர் ஆசீர்வதிப்பாராகன்னு போட்டு உடுவேன். பாட்டு பூரா எவனையோ கண்டபடி திட்டிகீறான், அடில நான் கர்த்தர இட்டாந்து நிறுத்திகீறேன். மா, மானம் போவுது, அத்த எடும்மான்னு கத்துவான். எடுக்க தெரியாதுன்னுடுவேன்.

ஸ்டுடியோவா? நல்லா கேட்ட போ. உன் முதுகுக்குப் பின்னால கீது பாரு பீரோ, அதான் ஸ்டுடியோ. வெளிய எந்நேரமும் மில்லு சத்தம் இடிச்சிக்கினே இருக்குமா, அதனால பீரோவத் தொறந்து, என் பொடவைங்களுக்கு நடுவுல தலைய உட்டுக்கினு பாடுவான். பின்னாலருந்து பாத்தா எதையோ திருட வந்தவன் மாதிரியே இருக்கும். ஒருநாளு அப்பிடிதான், நான் சிங்கம்டா, கிட்ட வந்தா கிழிச்சிருவேன்டான்னு உள்ள நின்னு கர்ஜன பண்ணிக்கினு இருக்கான், மேல ஒரு பல்லி உயுந்துச்சி. ஏசப்பான்னு கத்திக்கினு தெருமுன வரைக்கும் ஓடினான். பின்னாடி என் கல்யாணப் பொடவயும் இழுத்துக்கினு போவுது.

சிரி சிரி, நல்லா சிரி. எதுக்கு அடக்கற?

இன்னும் கேளு. அதே பாட்டுல நடுவுல குக்கர் விசில் உயுந்துடுச்சி. நான் பருப்பு வச்சிருந்தேன், எனக்கு இன்னா தெரியும்? கேட்டவன்லாம் ப்ரோ, அந்த விசில் சவுண்டு செமன்னு எய்திட்டான். இந்தப் பெரிய மனுசன் இன்னா சொல்லணும்? அது நான் வெளிநாட்டுலருந்து எடுத்த சவுண்டுன்னு பதில் போட்டுகீறான்! எந்த வெளிநாடு? நம்ம மூணு லிட்டர் குக்கரு நைனா அது. அதுலருந்து பேஜாரு. மா, எட்டாவது வரில விசில் வரணும்மான்றான். நான் பருப்ப பாப்பனா, வரிய எண்ணுவனா?

ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரில ஊசி போடக்கொள்ள நர்சம்மா கையப் புடிச்சிக்கினது, கழுத்துல போடற அந்த கோல்டு செயினு பச்ச பூத்துப்போயி நான் வாராவாரம் புளி போட்டு தேய்க்கறது, எல்லாத்தையும் எய்திக்க. ஃபோன்ல எய்திக்கினுதான கீற? நான் பாக்காத மாதிரி இருக்கேன், நீ எய்து.

ஏன் நிறுத்திட்ட? எங்க ஊட்ல கேஸே கெடையாது நைனா. கரண்டு அடுப்புதான். நீ உள்ள வந்து இவ்ளோ நேரமாச்சு, அடுப்பு இருக்கற பக்கம் ஒருவாட்டி கூட திரும்பல. நான் பேசப் பேச உன் வெரலு தொடைல தாளம் போட்டுக்கினே கீது. எம் புள்ளையும் அப்பிடித்தான், சோறு துன்னும்போது கூட.

ஒக்காருடா மணவாள நகர் பேஜாரு. அதான உன் ராப்பு பேரு? எங்க எய்ந்துக்கற? மோரு குடிச்சிட்டுப் போ.

ஞாயித்துக்கெயம பொன்னேரில ரெண்டு பேருக்கும் போட்டின்னு எனக்குத் தெரியாதா? ஒருத்தன ஒருத்தன் எதுர்ல நிக்க வச்சி பாட்டுலயே அசிங்கப்படுத்தறது. யாரு பாடினதுக்கு ஜனம் ஜாஸ்தியா கத்துதோ அவன் ஜெயிச்சான். அதுக்கு எதிராளி ஊட்டு சங்கதி வேணும். ஆனா ஊடு பூந்து அவங்கம்மா கிட்டயே கேக்க உன் ஒருத்தனுக்குதான்டா தைரியம் வந்துகீது.

உன் சங்கதியும் எங்கிட்ட கீது. உன் வீடியோக்கு கீழ எல்லாம் சூப்பர்டா கண்ணுன்னு போடறது உங்கம்மாதான? கன்னியம்மா. நேத்து அர மணி நேரம் பேசினோம். தங்கமான பொம்பள. ஸ்டேஜ் ஏறங்காட்டி பாத்ரூம்ல ஒளிஞ்சிக்கினு அம்மாவுக்கு போன் போடுவியாமே? ஒம்போதாவது படிக்கும்போது ராதை வேசம் கட்டின போட்டோ கூட அனுப்பிச்சிது. ஜட பின்னல் அம்சமா இருந்துச்சி.

ஐயய்ய, கால்லலாம் உய்யாத. தானியேலுக்கு காட்டல. காட்டவும் மாட்டேன். அதுக்கு பதிலு நீ எனக்கு ஒண்ணு பண்ணணும்.

நீ இங்க வரதுக்கு முன்னாடி கம்பெனி வாசல்ல விசாரிச்சிருக்க. டீக்கட அன்புராஜு சொன்னான். அங்க உனக்கு இன்னா சொல்லியிருப்பாங்கன்னும் தெரியும். பாதி தெரிஞ்சிக்கினு பாடாத, மீதியையும் கேட்டுக்க.

போன வருசம் ஜூலை. மெட்ராஸ்ல பெரிய மேடைக்கு இவன மொத மொத கூப்ட்டாங்க. அன்னிக்கி இவனுக்கு காலை சிப்ட்டு. வரலன்னா கான்ட்ராக்டரு கேட்டு பாஸ புடுங்கிக்குவான். அவங்கப்பாவும் அதே கம்பெனிதான், நைட்டு பாத்துட்டு வந்த மனுசன். நீ போயி பாட்றா, உன் பாஸ குடு, ஹெல்மெட்டு போட்டா அப்பன் யாரு புள்ள யாருன்னு எவனுக்குத் தெரியும்னுட்டாரு. அப்பிடி மாத்திக்கினு போறது இங்க எல்லார் ஊட்லயும் நடக்கறதுதான். நான் கத்துவேன்னு எங்கிட்ட ரெண்டு பேரும் சொல்லல. அவரு எங்கியோ வெளிய போயிகீறாருன்னு நெனச்சிக்கினேன். மத்தியானம் கிரேன் சங்கிலி அறுந்துச்சி.

மூஞ்சி அடையாளம் தெரியல, பாஸ்ல இருந்த பேரு தானியேலு. ஊட்டுக்கு வந்தவங்க உம் புள்ள போயிட்டான்னுதான் சொன்னாங்க. இந்த வாசப்படில உயுந்து பொரண்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, கூட்டத்த வெலக்கிக்கினு அவன் வரான். கைல ஷீல்டு. மா, ஜெயிச்சிட்டம்மான்றான்.

கட்டிப் புடிச்சிக்கினு சிரிச்சேன் நைனா. ஊரே பாத்துக்கினு நிக்குது, நான் சிரிக்கிறேன். அப்பறம்தான் கேட்டேன், அப்ப உள்ள போனது யாருடான்னு.

அவன் என் மூஞ்சியப் பாத்தான். அதான் கடசி. அதுக்கப்பறம் என்ன நேரா பாத்ததே இல்ல. தட்டுல சோத்தப் போட்டா தட்டப் பாப்பான். எங்கிட்ட பேசணும்னா செவுத்தப் பாத்து பேசுவான். பீரோக்குள்ள பாடறதோட சரி, மேட ஏறல. ஞாயித்துக்கெயமதான் ஏறப்போறான்.

அப்பன முழுங்கிட்டு பாட வந்தவன்னு நீ ஒரு வரி போட்டா ஜனம் பிச்சிக்கும். நீதான் ஜெயிப்ப, எனக்கே தெரியுது. ஆனா எனக்கு அந்தப் பாட்டாலதான்டா புள்ள மிஞ்சினான். அத்த அவங்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. சொன்னா அவங்கப்பா போனதுல எனக்கு சந்தோசம்னு ஆயிடாதா?

அத்த மட்டும் உட்டுடு. அதுக்குதான் பல்லி, ஊசி, குக்கரு எல்லாத்தையும் அள்ளிக் குடுத்தேன். பத்தலன்னா கேளு, இன்னும் கீது.

அட, நீ ஏன் அழுவற? மூஞ்சத் தொட. மோரு தெளிஞ்சி நிக்குது பாரு, கலக்கிக் குடி.

பல்லிய மட்டும் நல்லா எய்து கண்ணு. நான் மொத வரிசைல ஒக்காந்திருப்பேன். மண்டபமே திரும்பற மாதிரி சிரிக்கணும் நான். எவ அவ, இப்பிடி சிரிக்கிறவன்னு அவனும் திரும்புவான்.

அப்பவாச்சும் என்னப் பாப்பான் இல்ல?