ஆயிரத்து நூற்று நாற்பதுக்கு மேல்

— இருங்கப்பா... இந்தத் தாள்ல என்ன வகுத்து வெச்சிருக்கீங்க?

— கண்ணாடி போட்டுட்டுத்தானே இருக்க. படி.

— பன்னெண்டு லட்சத்துத் தொண்ணூத்தொம்பதாயிரத்து எழுநூத்தி ஒம்பதை... ஆயிரத்து எழுநூத்தி ஒம்பதால...

— மீதி எண்ணூத்தி அறுபத்தொம்போது. தப்பிருக்கா?

— தப்பில்ல. எதுக்கு வகுத்தீங்க?

— உங்கண்ணன் கேட்டான். இந்த நம்பர் எதால வகுபடும்னு கண்டுபிடிச்சுக் குடுங்கப்பான்னான். கடைக்கு வேணுமாம்.

— டைல்ஸ் கடைக்கா?

— என்ன அவசரமோ. தினம் சாயங்காலம் வந்து கேக்கறான்.

— அப்பா... இதோட வர்க்கமூலம் என்ன?

— ஆயிரத்து நூத்தி நாப்பதும் சொச்சமும்.

— அதுவரைக்கும் எதுவும் வகுக்கலேன்னா? அதுக்கு மேல வகுத்துப் பார்க்கவே வேண்டாம்தானே? வர்க்கமூலத்தைத் தாண்டியும் வகுக்கற பசங்க தலையில குட்டின கணக்கு வாத்தியார் நீங்க.

— உனக்கும் ஒண்ணு விழுந்திருக்கு.

— சிரிக்காதீங்க. அண்ணன் சொன்னது சரிதான் போல.

— என்ன சொன்னான்?

— உங்களுக்கு... புத்தி முன்ன மாதிரி இல்லேன்னு.

— அதனால?

— ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கான். நர்ஸ் இருக்காங்க, தோட்டம் இருக்கு... நீங்க தெளிவா இருந்தா வேண்டாம்னு சொல்லிடலாம்னுதான் வந்தேன். இந்தத் தாளைப் பார்த்தா...

— வகுத்துப் பார்க்க வேண்டியதெல்லாம் ஆயிரத்து நூத்தி இருபத்தொம்போதோட முடிஞ்சு போச்சும்மா. அதுலயும் மீதி இருநூத்தி முப்பது. இது எதாலயும் வகுபடாது. பகா எண்.

— எப்போ முடிஞ்சுது?

— போன மாசமே.

— அப்புறம் எதுக்கு இந்த வெட்டி வேலை?

— வாசல்ல நின்னு 'கிடைச்சுதாப்பா?'ம்பான். 'இன்னும் இல்லடா'ம்பேன். கட்டில் ஓரமா உக்காந்து ரெண்டு வார்த்தை பேசுவான். முன்னெல்லாம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான்.

— அப்பா...

— கிடைச்சாலும், கிடைக்கவே கிடைக்காதுன்னு தெரிஞ்சாலும்... அப்புறம் எதுக்கு வருவான்?

— வரட்டும் அவன். வகுபடாத நம்பரைக் குடுத்து, பெத்த அப்பாவைப் போய் இப்படி...

— அவனைத் திட்டாத. ஒத்தைப்படை, இரட்டைப்படைக்கே விரல் விடறவன். இப்படி ஒரு நம்பரை அவனால தேட முடியுமா? பொறுக்கிக் குடுத்தது யாருன்னு முதல் நாளே தெரியும்.

— நீங்க... ஒரு நாளைக்கு நாலு தடவை எனக்கு ஃபோன் பண்ணுவீங்க. வேலை நடுவுல... உங்களுக்கும் பொழுது போகட்டுமேன்னு அண்ணன்கிட்ட குடுத்து விட்டேன்...

— புரிஞ்சுதும்மா. அதுக்கப்புறம் ஒரு தடவையாவது பண்ணினேனா? பயப்படாத. அந்த இல்லத்துலேர்ந்தும் பண்ண மாட்டேன்.