மெரூனில் சிவப்பு எடுபடாது

மைசூர் அக்ரஹாரத்தில் சிட்டி பஸ் ஏறிய அம்மாவும் பெண்ணும் எனக்கு முன் ஸீட்டில் உட்கார்ந்தார்கள். பயோ இன்ஜினியரிங் படிக்கும் பெண்ணின் மடியில் ஒரு சுருட்டிய போஸ்டர். அதற்குக் காலேஜில் பரிசு கிடைத்திருந்தது. அம்மா போனில் அதன் படத்தைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

“அனுப்பாதேம்மா. அந்தப் பச்சையெல்லாம் செத்துப்போன செல்.”

“துளிர் விட்டாப்பல இருக்கே!”

“காயத்துக்குப் போடற ஜெல்லுல ஒடம்பு செல் பொழைக்கறதான்னு பாத்தோம். லேப்ல உயிரோட இருக்கறது பச்சையாத் தெரியும், செத்தது சிவப்பு. போஸ்டரோ மெரூன். அதுல சிவப்பு எடுபடலை. அதான் பச்சையாக்கினேன்.”

“அப்போ உயிரோட இருக்கறது?”

“மஞ்சள். ஓரத்துல கொஞ்சூண்டு இருக்கு பாரு.”

“கீழே எழுதி வெச்சிருக்கலாமே?”

“எழுதினேன். டிசைன் கெடறதுன்னு எழுத்தைச் சின்னதாக்கிட்டேன். யாரும் படிக்கலை. ஜெல் பிரமாதம்னு கைதட்டிட்டா.”

“பரிசு எதுக்குக் கொடுத்தா?”

“சயின்ஸை ஜனங்களுக்குப் புரியறாப்பல சொன்னதுக்கு.”

அம்மா போனைப் பைக்குள் போட்டாள். “உங்க சார்கிட்ட சொன்னியோ?”

“சொன்னேன். போஸ்டர் நன்னா இருக்கு, அதைத் தொடாதே, அதுல இருக்கறாப்பலயே ரிசல்ட் வர வரைக்கும் எக்ஸ்பெரிமெண்டைத் திரும்பப் பண்ணுன்னுட்டார்.”

அம்மா போனை மறுபடி வெளியே எடுத்தாள்.

“பண்ணுடி கணே. போஸ்டர் வேலைதான் முடிஞ்சாச்சே.”