பேசாமல் சுமந்த பனி

— ஆறு மணின்னு சொன்னே. ஆறே முக்கால் ஆச்சு, ஃபிதா.

— பிளக் நனைஞ்சு போச்சு அண்ணி. அடுப்போரம் காய வெச்சு மாட்டிக்கிட்டு வர்றேன்.

— வெயில் ஏறுறதுக்குள்ள ஓடையைத் தாண்டணும். மதியம் ஆனா தண்ணி இடுப்புக்கு வந்துரும்.

— பாத்துக்கலாம். நீங்க உக்காருங்க. துப்பட்டாவை முடிஞ்சுக்குங்க, செயின்ல சிக்கும். மடியில என்ன மூட்டை?

— ரொட்டி. பிளாஸ்க்ல உப்பு டீ. ஒரு சின்ன மண்வெட்டி.

— மண்வெட்டி எதுக்கு?

— கனம் இல்லையே. இருக்கட்டும்.

— நாளைக்கு ஜும்மா முடிஞ்சதும் ஊரே ஏறிப் பாக்கப் போகுது. யார் யாரு வரணும்னு மாமனார் ஆளைப் பிரிச்சாச்சு. ஒரு நாள் பொறுத்திருக்கலாம் நீங்க.

— உன் மாமனார் பாத்துட்டு வந்து சொல்றதை நான் வாசல்ல நின்னு கேக்கணுமா? நட்ட பனி பிடிச்சு வளந்திருந்தா உங்க அண்ணன் கராச்சியை விட்டுட்டு வீட்டுக்கு வருவாரு. பிடிக்கலேன்னா வர மாட்டாரு. அதை முதல்ல பாக்குறது நானாத்தான் இருக்கணும்.

— சரி அண்ணி. அதுக்குத்தானே வண்டி எடுத்தேன். கெட்டியாப் பிடிச்சுக்குங்க.

— எதை?

— கேரியரை. என் சட்டையைப் பிடிச்சா ரெண்டு பேரும் சேந்து விழுவோம்.

·

— இறங்குங்க அண்ணி.

— மறுபடியுமா?

— இந்த மேட்டுல முதல் கியரே திணறுது. காத்து கம்மி. நமக்கே மூச்சு வாங்குது, எழுபது சி.சி. என்ன பண்ணும்? ஃபில்டரைக் கழட்டிப் பாக்குறேன். கொஞ்சம் காத்து குடிக்கட்டும்.

— முட்டி வலி, நேர் ஏத்தம் ஆகாதுன்னுதான் உன் வண்டியைக் கேட்டேன். பாதி மலையை நடந்தே வந்துட்டேன். வண்டி உன்னை மட்டும் ஏத்திக்கிட்டு வருது.

— நான் மட்டும் உக்காந்தா நல்லாத்தான் இழுக்குது.

— கொழுப்புடா உனக்கு. பனி சுமந்த அன்னைக்கு நீ எப்படி இருந்தே, கம்பு மாதிரி. மாமனார் வீட்டு நெய்யெல்லாம் இப்போ இந்த வண்டி சுமக்குது.

— அவளுக்கு நெய் இல்லாம சமைக்கத் தெரியாது அண்ணி.

— ஹாஜி பொண்ணு இல்லையா. பனி சுமந்துட்டு வந்து எட்டாவது நாள் உனக்கு நிக்காஹ். ஏழாவது நாள் உங்க அண்ணன் பஸ் ஏறினாரு.

— ஏன் இப்போ அதெல்லாம்?

— சும்மா நடக்கணுமே. ஏதாவது பேசு. இன்னைக்குத் தலையிலயும் சுமை இல்ல, முதுகுலயும் சுமை இல்ல. பேசலாம்.

— என்ன பேச?

— அன்னைக்கு வழியில நடந்ததைச் சொல்லேன். ஊரு சொல்லிக் கேட்டிருக்கேன். நீயும் கூடப் போனவன்தானே. உன் வாயால கேட்டதே இல்ல.

— எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே அண்ணி. என்ஜின் ஆறிருச்சு. ஏறுங்க.

·

— நில்லுங்க, நில்லுங்க. என்னத்தச் சொல்ல, காலையிலதான் சரிஞ்சது. இந்த ஒரு பாறையை உருட்டிட்டா வண்டி போயிரும்.

— நானும் ஒரு கை பிடிக்கிறேன் சாச்சா. ரோட்டு வேலைக்கு ஒரே ஆளா உங்களை விட்டுட்டாங்களா?

— மூணு பேரு. ஒருத்தனுக்குக் காய்ச்சல், ஒருத்தனுக்குக் கல்யாணம். என்னத்தச் சொல்ல. எந்த ஊரு தம்பி?

— ஸ்கர்டு.

— டவுனா? பனியாறு பாக்க வந்தீங்களா? அப்போ கணவாய்ல வலது கைப் பக்கம் திரும்பு. ரோட்டுல நின்னாலே தெரியும், பெருசு. போன வருஷத்துக்கு இந்த வருஷம் பின்னால போயிருக்கு, ஆனாலும் பெருசு. இடது பக்கம் போயிறாதே. அது நட்ட பனி. பன்னெண்டு வருஷம் கழிச்சுத்தான் போய்ப் பாக்கணும், இன்னும் முடியல.

— நட்ட பனின்னா என்ன சாச்சா?

— உனக்குத் தெரியாதாம்மா? டவுன்ல எங்க தெரியப் போகுது. அந்தப் பக்கம் கீழ ஒரு ஊரு. தண்ணி இல்ல. ஒரு மலையிலேருந்து ஆண் பனி வெட்டிக்கிட்டு வந்தாங்க, இன்னொரு மலையிலேருந்து பெண் பனி. முதுகுல கூடை கட்டி, நிழல் குகையில கொண்டு போய் ரெண்டையும் சேத்து வெச்சு, மேல கரித்தூளு, சுரைக்குடுக்கையில தண்ணி, எல்லாம் வெச்சு மூடிட்டு வந்துட்டாங்க. கல்யாணம் பண்ணி வெக்கிற மாதிரிதான். ஒழுங்கா நடந்திருந்தா குட்டி போட்டுப் பெருகும்.

— ஒழுங்கா நடக்கலையா?

— என்னத்தச் சொல்ல. சுமக்குற வழியில கூடையைக் கீழ வெக்கக் கூடாது. ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. பன்னெண்டு பேரு போனாங்க, பதினோரு பேரு வாயை மூடிக்கிட்டு நடந்தாங்க. தகின்னு ஒருத்தன். முப்பது வயசு ஆம்பளை. வழுக்கினதுக்கு 'அம்மா'ன்னு கத்தினானாம். பச்சப்பிள்ளை கத்துனாலும் பரவால்ல.

— அவனுக்குப் பொண்டாட்டி இருந்தாளா?

— இருப்பா. அவ பாடுதான் பாடு. வாய்க்கால்ல முறை வரும்போது அந்த வீட்டுக்குத்தான் கடைசியாம். தண்ணி பத்தலேன்னு போய்க் கேட்டா, உன் புருஷன் வாய்ல போன தண்ணின்னு சொல்றாங்களாம். தம்பி, பாறையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறியே. உருட்டு.

·

— ஸ்கர்டுன்னு சொன்னே.

— வேற என்ன சொல்ல? நம்ம ஊருன்னா இன்னும் நாலு வார்த்தை பேசுவாரு.

— பேசினா என்ன? உங்க அண்ணனுக்காக நீயும் ஒரு வார்த்தை பேசுவேன்னு பாத்தேன்.

— முன்னப் பின்ன தெரியாத ஆளு. அவர்கிட்ட என்ன வாதம், அண்ணி?

— சரி.

— கோபமா?

— இல்ல. ஓடை வந்துருச்சு, பாரு.

— ஏறியிருக்கு. முட்டிக்கு மேல இருக்கும். உங்க துணி ஒண்ணு குடுங்க, சைலன்சர் வாயை அடைக்கணும். ஓட்டிக்கிட்டுப் போக முடியாது, தள்ளிக்கிட்டுத்தான் போகணும். நீங்க பின்னால கேரியரைப் பிடிச்சுக்கிட்டே வாங்க. நான் கால் வெச்ச கல்லுலயே கால் வெயுங்க.

— ஐஸா இருக்கு.

— பேசாம வாங்க. இன்னும் பத்தடி. இந்தக் கல்லு ஆடுது, பாத்து... அம்மா!

— கத்தாதே. பிடிச்சிருக்கேன். வண்டியை விட்டுறாதே. இடது கால ஊனு. ஆ. அப்படியே ஏறு.

— போயிருப்பேன் அண்ணி.

— போகல இல்ல. துணியை எடுத்துட்டு உதை.

— தண்ணி ஏறல. பாருங்க, ரெண்டாவது உதையிலயே எடுத்துக்கிச்சு.

— ஏன் அதுக்கப்புறம் பேச்சைக் காணோம்?

— குளிருது.

·

— இதுக்கு மேல வண்டி போகாது. கல்லை முட்டுக் குடுத்து நிறுத்திட்டேன். அரை மணி நடக்கணும். முடியுமா உங்களால?

— காலையிலேருந்து அதைத்தானே பண்றேன்.

— எதிர்ல பாருங்க. அதான் அவர் சொன்ன பெரிய பனியாறு. நான் சின்னப் பையனா இருந்தப்போ அந்தச் சிவப்புப் பாறை வரைக்கும் இருந்துச்சு. இப்போ எங்க இருக்கு பாருங்க.

— அது போறது போகட்டும். நம்மளுது எங்க?

— இந்த மேட்டைச் சுத்தினா குகை. மெதுவா வாங்க. ஒரே கல்லு, காலை வாரும்.

— இந்த மேடு அப்போ இருந்துச்சா?

— ஞாபகமில்ல. பனிமூட்டம் அன்னைக்கு. இதோ, அடையாளக் கல்லு. மாமனார் நட்டது. இதான் குகை வாய்.

— உள்ள போய்ப் பாரு.

— கல்லு.

— நல்லாப் பாரு.

— கல்லு, கறுப்பு மண்ணு. சுரைக்குடுக்கை ஒண்ணு ஒடைஞ்சு கிடக்கு. கரித்தூளு கூட அப்படியே இருக்கு. ஒண்ணுமே இல்ல அண்ணி.

— இல்லேன்னா என்ன அர்த்தம்?

— பிடிக்கலேன்னு அர்த்தம்.

— ஏன் பிடிக்கல?

— எங்கிட்ட கேட்டா? நாளைக்கு அவங்க வந்து பாத்துட்டுச் சொல்லுவாங்க.

— என்ன சொல்லுவாங்க?

— உங்களுக்குத் தெரியாததா.

— நீ சொல்லு, ஃபிதா. உன் வாயால.

— அண்ணன் வாய் திறந்ததாலன்னு சொல்லுவாங்க.

— நீ என்ன சொல்லுவே?

— நான் சொல்ல என்ன இருக்கு? அண்ணனுக்கு விதிச்சது அவ்வளவுதான். அழாதீங்க அண்ணி.

— நான் அழல. வா, வெளிய வந்து உக்காரு. இங்க, என் பக்கத்துல. டீ இன்னும் சூடா இருக்கு. ரொட்டியைப் பிச்சுக்கோ.

— அண்ணனுக்கு நானே போன் பண்றேன். கணவாயில சிக்னல் வரும். பக்குவமா சொல்லிக்கலாம். கராச்சியும் அவருக்குப் பழகிருச்சு. அந்த வாட்ச்மேன் வேலை ஒண்ணும் மோசமில்ல, ரூம் குடுத்திருக்காங்க. நீங்க கூட அங்க போயிரலாம்.

— குடிச்சாச்சா?

— ம்.

— வேற ஏதாவது சொல்லணுமா?

— இல்ல அண்ணி. வேற என்ன?

— சரி. அப்போ அந்த மண்வெட்டியை எடு. நான் உக்காந்திருந்த இடத்துல கொத்து.

— எதுக்கு?

— ஓடையில நனைஞ்சது காஞ்சுருச்சு, இங்க உக்காந்ததும் துணி மறுபடி ஈரமா இருக்கு. கொத்து.

— கல்லைத் தள்ளணும். கொஞ்சம் நகருங்க... ஏறல அண்ணி. மண்வெட்டி துள்ளுது.

— கையால துடைச்சுப் பாரு.

— பனி.

— ம்.

— பனி அண்ணி. நீலமா இருக்கு. இங்கயும் இருக்கு. இந்தக் கல்லுக்கு அடியிலயும். குகையை விட்டு வெளிய வந்திருக்கு, பாருங்க. நாம சுத்தி ஏறி வந்தோமே, அந்த மேடு பூரா...

— ஆண் பனி கல்லைப் போத்திக்கிட்டுத்தான் வளரும். நம்ம ஊருல நடக்கப் பழகுற குழந்தைக்கும் அது தெரியும். நீ உள்ள எட்டிப் பாத்த வேகத்துல அதை மறந்துட்டே.

— கீழே தண்ணி ஓடுது. சத்தம் கேக்குதா?

— எனக்கு மேட்டுல ஏறும்போதே கேட்டுச்சு.

— தெரிஞ்சுக்கிட்டேவா என்னை உக்கார வெச்சு டீ குடுத்தீங்க?

— ஆமா.

— ஏன்?

— களைச்சுப் போயிருந்தியே.

— அண்ணி, நான் ஒண்ணு சொல்லணும்.

— சொல்லு.

— அன்னைக்குக் கத்தினது அண்ணன் இல்ல. நான். கல்லுச் சரிவுல கால் வழுக்கிச்சு, வாயிலேருந்து வந்துருச்சு. மூட்டத்துல யாருன்னு யாருக்கும் தெரியல. முன்னால போன மாமனார் திரும்பி நின்னாரு. பேசக் கூடாது இல்லையா, விரலை ஒவ்வொருத்தர் பக்கமா நீட்டிக்கிட்டே வந்தாரு. எனக்குக் கை எழும்பல. எட்டு நாள்ல அவரு பொண்ணோட நிக்காஹ். எனக்கு முன்னால நின்ன அண்ணன் கையைத் தூக்கிட்டாரு.

— ம்.

— நாளைக்கு எல்லாரும் இங்க நிக்கும்போது நானே சொல்லிர்றேன். பனிதான் பிடிச்சுருச்சே, இனி யாரு என்ன சொல்லப் போறாங்க? மாமனாரே சிரிச்சுருவாரு. உங்களுக்கு அதிர்ச்சியா இருக்கும், தெரியும். ஏதாவது சொல்லுங்க அண்ணி.

— எனக்குத் தெரியும், ஃபிதா.

— எப்போலேருந்து?

— அன்னைக்கு வீட்டுக்கு வந்து கூடைக் கயித்தை அவுக்கும்போதே உங்க அண்ணன் சொல்லிட்டாரு. 'பையன் பயந்துட்டான். பயம் தெளிஞ்சதும் அவனே சொல்லுவான். அது வரைக்கும் நீ யார்கிட்டயும் வாயைத் திறக்காதே'ன்னாரு. நானும் திறக்கல.

— பன்னெண்டு வருஷமாவா?

— வெள்ளிக்கிழமை தோறும் போன் பண்றாரு. பனியைப் பத்தி ஒரு தடவை கேட்டதில்ல. 'ஃபிதா ஏதாவது சொன்னானா'ன்னுதான் கேப்பாரு.

— இன்னைக்குக் கேக்கட்டும். கணவாயில வண்டியை நிறுத்தி நானே கூப்பிடுறேன். அண்ணிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், நீ கிளம்பி வான்னு சொல்றேன்.

— சொல்லு. எப்போ சொன்னேன்னு கேப்பாரு. டீ குடிக்கும்போது இங்க வெறும் கல்லுதான் கிடக்குன்னு நெனச்சியே, அப்போ ஏன் சொல்லலேன்னு கேட்டா, என்ன சொல்லுவே?